மிட்ஃபீல்டர்: 19 வயதில் தொடங்கி 26இல் முடிந்துபோகிற தொழில்

நடுக்கள வீரர் ஜாக் வில்ஷேர் இங்கிலாந்தின் ஆர்சனல் உதைபந்தாட்ட அணிக்காக முதல் லீக் போட்டியில் இறங்கியபோது அவருக்கு 16 வயதும் 256 நாளும். 2010-11 பருவத்தில் கழகத்துக்காக மட்டும் 49 போட்டிகள் ஆடினார். அந்தப் பருவத்தின் நடுவில்தான் 19 வயதே ஆனது. அடுத்த பருவத்தில் ஒரு போட்டியும் இல்லை, கணுக்கால் எலும்பில் அழுத்த முறிவு. அதன்பிறகு காயமும் மீட்சியுமாகவே ஓடி, 2022 ஜூலையில், 30 வயதில், ஓய்வை அறிவித்தார். ஜெர்மனியின் செபாஸ்டியன் டைஸ்லர் இன்னும் சீக்கிரம். முட்டிக் காயத்தால் 2002 உலகக் கிண்ணத்தையும் 2006 உலகக் கிண்ணத்தையும் இழந்தார். இடையில் மனச்சோர்வுக்கும் சிகிச்சை எடுத்தார். 2007 ஜனவரியில் விலகும்போது வயது 27.

இவர்களுக்குப் பக்கத்தில் உலகத்தரமான மருத்துவர்கள் இருந்தார்கள். ஹட்டனிலோ தலவாக்கலையிலோ நாவலப்பிட்டியிலோ இருந்து கொழும்புக்கு ஆடப் போகிற பையனுக்குப் பக்கத்தில் இருப்பது ஒரு ஐஸ் பையும், "பார்த்து ஆடு தம்பி" என்கிற வார்த்தையும்தான். மலையகத்தில் நல்ல மிட்ஃபீல்டருக்குப் பஞ்சமே இல்லை. அவர்கள் எதனால் சீக்கிரம் முடிந்துபோகிறார்கள், அதில் எவ்வளவு தடுக்கக்கூடியது என்பதுதான் இந்தப் பதிவு. என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் காயம் பெரும்பாலும் யாரையும் முடிப்பதில்லை. அது ஆறுமுன் திரும்பி இறங்கி வாங்கிக்கொள்ளும் இரண்டாவது காயம்தான் முடிக்கிறது.

மைதானத்தில் அதிக தூரம் ஓடுகிறவர் மிட்ஃபீல்டர் என்கிற நடுக்கள வீரர். தொழில்முறைப் போட்டியில் 11, 12 கிலோமீட்டர் சாதாரணம். தூரத்தைவிட உடம்பைத் தின்பது நிறுத்தமும் திருப்பமும்தான். நட, ஓடு, நில், திரும்பு, குதி என்று சில விநாடிக்கு ஒரு தடவை வேலை மாறுகிறது. ஒரு போட்டிக்கு ஆயிரத்துக்கு மேல் இப்படி மாற்றங்கள். ஓரத்தில் ஆடும் விங்கர் நேராக ஓடித் தொடைப் பின்தசையைக் கிழித்துக்கொள்வார். மிட்ஃபீல்டர் திரும்பும்போது முட்டியை முறுக்கிக்கொள்வார், முதுகுக்குப் பின்னால் வரும் ஆளிடம் கணுக்காலைக் கொடுப்பார். போட்டியில் செலவான தசைச் சர்க்கரை முழுதாகத் திரும்ப 48 முதல் 72 மணித்தியாலம் வேண்டும். இந்த எண்ணை மனதில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

நம் பக்கத்து மைதானங்கள் பையனை எப்படி உருவாக்குகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். முழு அளவு என்பது 105 மீற்றருக்கு 68 மீற்றர். தோட்டத்து கிரவுண்ட் மலையைச் சீவி எடுத்த ஒரு தட்டு. பல இடங்களில் பாதி அளவுகூட வராது, ஒரு பக்கம் சரிவாகவும் இருக்கும். அதில் வளர்கிற பையனுக்கு நெருக்கத்தில் பந்தைக் காக்கிற காலும், உடம்பைச் சாய்த்து ஆளை ஏமாற்றுகிற வித்தையும் தானாக வந்துவிடும். வராமல் போவது இரண்டு. ஒன்று, 40 மீற்றர் பக்கம் மாற்றிப் போடுகிற நீளமான பாஸ். மற்றது, தொடர்ந்து ஓடுகிற பழக்கம். பந்து தேயிலைக்குள் உருண்டால் ஆட்டம் நிற்கும், யாராவது இறங்கி எடுத்து வரும்வரை எல்லோரும் மூச்சு வாங்குவார்கள். 90 நிமிடம் நிற்காத ஆட்டத்துக்கு அந்த உடம்பு பழகியிருக்காது. சரிந்த மைதானத்தில் வருடக்கணக்காக ஆடியவர் எப்போதும் ஒரே பக்கம்தான் திரும்புவார். அந்தக் கால் வலுவாகவும் மற்றது நோஞ்சானாகவும் இருக்கும். சோதிக்க ஒரு வழி: ஒற்றைக்காலில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்கச் சொல்லுங்கள். ஒரு காலில் 25 வந்து மற்றதில் 15இல் நின்றுவிட்டால், இடைவெளி நிரம்பும்வரை பலவீனமான காலுக்கு ஒரு செட் கூடுதலாகக் கொடுங்கள்.

சின்ன மைதானம் இன்னொரு கெட்ட பழக்கத்தையும் தருகிறது. பந்து வருவதற்கு முன் பின்னால் பார்க்காமல் இருப்பது. ஏழு பேர் ஆட்டத்தில் எல்லோரும் கண்ணுக்கு முன்னால்தான் நிற்பார்கள், திரும்பிப் பார்க்க அவசியமில்லை. பெரிய மைதானத்தில் பந்தைப் பார்த்துக்கொண்டே, இலக்குக்கு முதுகைக் காட்டி வாங்கினால், பின்னால் பாய்ந்து வருகிறவரின் முழுப் பாரமும் ஊன்றிய காலில் விழும். பந்து சகாவின் காலை விட்டுக் கிளம்பும் முன் ஒரு தோளுக்கு மேல், வரும் வழியில் மறு தோளுக்கு மேல் பார்க்க வேண்டும். பாதி திரும்பிய உடம்போடு, எதிராளிக்குத் தூரமான காலில் வாங்க வேண்டும். கோச்மார் இதை பாஸ் நன்றாக வருவதற்கான பாடமாக மட்டும் நடத்துகிறார்கள். கணுக்காலைக் காப்பாற்றும் பாடமும் இதுதான்.

அடுத்தது பூட்ஸ். தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியா, வட்டவளை, நாவலப்பிட்டிப் பக்கத்தைச் சேறாக்கும். பதுளைப் பக்கத்துக்கு டிசம்பரில் தொடங்கும் வடகீழ்ப் பருவமழைதான் பெரிது. சேற்றுக்கு வாங்கிய, அடியில் நீளமான இரும்பு முளை (ஸ்டட்) உள்ள பூட்ஸையே பெப்ரவரி வெயிலில் காய்ந்து கல்லாய்க் கிடக்கும் தரையிலும் போட்டு இறங்குகிறார்கள். ஸ்டட் தரையில் மாட்டிக்கொள்ளும், பாதம் நிற்கும், உடம்பு திரும்பும், முட்டி நடுவில் அகப்படும். ஒரு சோடி வாங்கத்தான் காசு இருக்கிறதென்றால், வார்ப்பு ரப்பர் ஸ்டட் உள்ள, வட்ட முனைப் பூட்ஸை வாங்குங்கள். சேற்றில் இரண்டு தடவை வழுக்கி விழுவீர்கள், முட்டி மிஞ்சும். பெருவிரலுக்கும் பூட்ஸ் முனைக்கும் நடுவில் அரை விரல் இடம் போதும். "வளர்ற பிள்ளை" என்று ஒரு அளவு பெரிதாக வாங்கினால் பாதம் உள்ளே நழுவும், கணுக்கால் புரளும்.

உயரம் பற்றி ஒரு மூடநம்பிக்கை உலவுகிறது. நுவரெலியாவில் வளர்ந்தவனுக்கு நுரையீரல் பெரிது, கொழும்பில் களைக்கவே மாட்டான் என்று. நுவரெலியா நகரம் 1,868 மீற்றர். காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இரத்தத்தில் தெளிவான மாற்றம் வர, பொதுவாக 2,000 மீற்றருக்கு மேலே வாரக்கணக்கில் தங்கிப் பயிற்சி எடுக்க வேண்டும். ஹட்டனுக்கு அந்தக் கணக்கு எட்டவே எட்டாது. மேட்டில் ஏறி இறங்கி வந்த தொடை வலு உண்மையான சொத்து. ஆனால் கொழும்பில் அவனை வீழ்த்துவது வெப்பம். 16, 18 பாகையில் பழகிய உடம்பை, 31 பாகையும் கனத்த ஈரப்பதமும் உள்ள பிற்பகல் போட்டியில் திடீரென்று இறக்கினால் 60ஆவது நிமிடத்தில் கால் கட்டையாகிவிடும். "பையனுக்கு ஸ்டெமினா இல்லை" என்று அங்கே ஒரு குறிப்பு எழுதிவிடுவார்கள், அத்தோடு தெரிவும் போகும்.

உடம்பு வெப்பத்துக்குப் பழக 10 முதல் 14 நாட்கள் ஆகும். தெரிவுப் போட்டிக்கு இரண்டு வாரம் முன்னாலேயே கீழே உறவினர் வீட்டுக்குப் போய், முதல் மூன்று நாள் அரை மணித்தியாலம் மெதுவாக, பிறகு நாளுக்கு 10 நிமிடம் கூட்டி வெயிலில் ஓடுவதுதான் சரியான வழி. முடியாதவர்கள் குறைந்தபட்சம் முதல் நாளே போய்ச் சேர வேண்டும். ரயிலிலோ பஸ்ஸிலோ ஐந்து மணித்தியாலம் முட்டியை மடக்கி உட்கார்ந்துவிட்டு, இறங்கியதும் பையை வைத்துவிட்டு மைதானத்துக்குள் போவது தொடைக் கிழிசலுக்கு நேர்வழி. நீர்க் கணக்குக்கு ஒரு தராசு போதும். போட்டிக்கு முன்னும் பின்னும் நிறுத்துப் பாருங்கள். 60 கிலோ பையன் 1.2 கிலோ குறைந்திருந்தால் உடம்பின் 2 வீதம் போய்விட்டது. குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை லீட்டர், சில மணித்தியாலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். வெறும் தண்ணீர் போதாது, உப்பும் திரும்ப வேண்டும். பார்மசியில் கிடைக்கும் ஜீவனி பக்கெட் ஒன்றைச் சரியாக ஒரு லீட்டரில் கரையுங்கள். அரை லீட்டரில் கரைத்தால் வயிற்றைப் புரட்டும். தெம்பிலி இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம்தான் அதிகம், வியர்வையில் போன சோடியத்தை அது ஈடுகட்டாது.

சாப்பாட்டில் நம் பிரச்சினை பசி அல்ல, புரதமும் இரும்பும். காலையில் ரொட்டியும் சம்பலும் இனிப்புத் தேநீரும், பகலில் சோறும் கிழங்கும், இரவில் மறுபடி ரொட்டி. ஓடுவதற்கான மாச்சத்து இதில் உண்டு. கிழிந்த தசையைத் தைக்க இதில் இருப்பது போதாது. ஆடுகிறவருக்கு ஒரு கிலோ உடம்புக்கு நாளொன்றுக்கு 1.6 கிராம் புரதம் என்று வைத்தால், 60 கிலோவுக்கு 96 கிராம். இறைச்சி வாங்கியே ஆக வேண்டும் என்றில்லை. உலர்ந்த சோயா மீட் 50 கிராமில் 25 கிராம் அளவு, சமைக்காத பருப்பு 100 கிராமில் 24 கிராம் அளவு, முட்டை ஒன்றில் 6 கிராம். மூன்று முட்டை, பருப்பு, சோயா மீட், ஒரு கை நெத்தலி என்று சேர்த்தால், சோற்றிலும் ரொட்டியிலும் உள்ள புரதத்தோடு கணக்கு நெருங்கிவிடும். நாள் முழுவதும் பிரித்துச் சாப்பிட வேண்டும், இரவு ஒரே தட்டில் கொட்டினால் பயன் குறைவு.

இரும்புச் சத்துக் குறைவை யாரும் பார்ப்பதே இல்லை. காரணம் சொல்ல முடியாத களைப்பு, மேடு ஏறும்போது படபடப்பு, போட்டியின் இரண்டாம் பாதியில் காணாமல் போவது. இப்படி ஒரு பையன் இருந்தால் திட்டுவதற்கு முன் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். ஆணுக்கு ஹீமோகுளோபின் 13க்குக் கீழே என்றால் இரத்தசோகை. 13க்கு மேலே இருந்தும் களைப்பு தொடர்ந்தால் பெரிட்டின் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், உடம்பின் இரும்புச் சேமிப்பு தீர்ந்திருக்கலாம். தேயிலை நாட்டில் இதைச் சொன்னால் கோபம் வரும், ஆனாலும் சொல்கிறேன். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு உடம்பில் ஏறாமல் போகும். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். சாப்பாட்டில் தேசிக்காய் பிழியுங்கள், அது இரும்பை ஏற்றிவிடும்.

இனி 48 முதல் 72 மணித்தியாலக் கணக்குக்கு வருவோம். 17, 18 வயதில் திறமையான மிட்ஃபீல்டர் எத்தனை அணிக்கு ஆடுகிறார்? பாடசாலைக்கு, டவுன் கழகத்துக்கு, மாவட்டத்துக்கு, தோட்டத்துக்கு. பொங்கல், சித்திரை, மே தினம் என்று வரும் டோர்னமெண்டுகளுக்கு யார் கூப்பிட்டாலும் அவர்களுக்கும். சுமையை அளக்க ஒரு எளிய முறை இருக்கிறது. ஆடி முடித்து அரை மணித்தியாலம் கழித்து, எவ்வளவு கடினமாக இருந்தது என்று 1 முதல் 10 வரை ஒரு எண் சொல்லச் சொல்லுங்கள். அதை நிமிடத்தால் பெருக்குங்கள். செவ்வாய் பயிற்சி 75 நிமிடம், 5 என்றால் 375. வியாழன் பாடசாலைப் போட்டி 80 நிமிடம், 7 என்றால் 560. சனி லீக் 90 நிமிடம், 8 என்றால் 720. ஞாயிறு ஏழு பேர் டோர்னமெண்ட், 20 நிமிட ஆட்டம் நாலு, 9 என்றால் இன்னொரு 720. மொத்தம் 2,375.

எண் பெரிதாக இருப்பதைவிட மோசம், சனியும் ஞாயிறும் ஒட்டிக்கிடப்பது. அங்கே 72 மணித்தியாலமும் இல்லை, 48உம் இல்லை. களைத்த தசை முட்டியைத் தாங்கத் தாமதிக்கும். ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஆட்டத்தில், யாருமே தொடாமல், தானாகத் திரும்பும்போது, முட்டிக்குள் இருக்கும் ஏசிஎல் என்ற இணைநார் கிழிந்து போவதற்கு இது போதும். ஆகவே ஒரு கொப்பி வாங்கி எல்லா அணிக் கணக்கையும் பையனே எழுத வேண்டும். பாடசாலை கோச்சுக்கு டவுன் கழகத்தில் நடப்பது தெரியாது, டவுன் கழகத்துக்குத் தோட்டத்தில் நடப்பது தெரியாது. முழுக் கணக்கும் அந்தக் காலுக்கு மட்டும்தான் தெரியும். ஒரு வாரம் போன வாரத்தைவிட ஒரேயடியாக எகிறியிருந்தால் அடுத்த டோர்னமெண்டை விடுங்கள். மன்செஸ்டர் சிட்டியின் ரொட்ரி, போட்டி அட்டவணை நெருக்கத்தால் வீரர்கள் வேலைநிறுத்தத்துக்கே போகலாம் என்று 2024 செப்டெம்பரில் சொன்னார். அதே மாதம் ஆர்சனலுக்கு எதிரான போட்டியில் அவருடைய ஏசிஎல் போனது.

தடுப்பதற்கு மருந்து இருக்கிறது, அதற்குக் காசும் வேண்டாம். ஃபீஃபா 11 பிளஸ் என்ற வார்ம் அப்: 8 நிமிடம் ஓட்டம், 10 நிமிடம் வலு, குதிப்பு, சமநிலை, 2 நிமிடம் வேக ஓட்டம். மொத்தம் 15 பயிற்சி, 20 நிமிடம், வாரம் குறைந்தது இரண்டு தடவை. ஒழுங்காகச் செய்த அணிகளில் காயம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. அதில் வரும் நோர்டிக் பயிற்சி தொடைப் பின்தசைக்கு. முழந்தாளிட்டு நிற்க, ஒருவர் கணுக்காலை அழுத்திப் பிடிக்க, உடம்பை நேராக வைத்து முடிந்த அளவு மெதுவாக முன்னால் சாய்ந்து கையால் தாங்கி விழ வேண்டும். முதல் வாரம் ஒரே ஒரு நாள், 5 தடவை, இரண்டு செட். அதைக் கூட்டிக்கூட்டி ஐந்தாவது வாரத்தில் வாரம் மூன்று நாள், 12, 10, 8 என்று மூன்று செட். முதல் நாளே 12 செய்யவைத்தால் மறுநாள் பையன் படியிறங்க மாட்டான், அதற்குப் பிறகு அந்தப் பயிற்சிப் பக்கமே வரமாட்டான். நம் அணிகளில் இது கைவிடப்படுவதற்கு அநேகமாக இதுதான் காரணம். இடுப்பை மடக்கி விழுவது இன்னொரு தவறு, அப்படிச் செய்தால் பின்தசையில் பாரமே ஏறாது.

கணுக்கால் சுளுக்கை நாம் காயமாகவே மதிப்பதில்லை. அன்றைக்கே எண்ணெய் போட்டு உருவிவிடுவது வழக்கம். முதல் இரண்டு நாள் உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருக்கும்போது உருவினால் வீக்கம் கூடும். கட்டுத்துணி சுற்றி, காலை உயர்த்தி வையுங்கள், ஐஸ் ஒரு தடவைக்கு 15 நிமிடம். நாலு அடி எடுத்துவைக்க முடியவில்லை என்றால், அல்லது கணுக்காலின் உள், வெளி எலும்பு மொட்டின் பின்விளிம்பை அழுத்தும்போது வலித்தால், எக்ஸ்ரே. முறிவில்லை என்றாலும் வேலை முடியவில்லை. கண்ணை மூடி ஒற்றைக்காலில் மற்றக் கால் அளவுக்கு நிற்க வராதவரை, அந்தக் கணுக்கால் மறுபடி புரளக் காத்திருக்கிறது.

முட்டிக்கு வருவோம், ஏனென்றால் தொழில் முடிகிற இடம் இதுதான். ஏசிஎல் போகும்போது பலருக்கு 'டொக்' என்று உள்ளே சத்தம் கேட்கும். சில மணித்தியாலத்துக்குள் முட்டி பந்துபோல வீங்கிவிட்டால், உள்ளே இரத்தம் கட்டியிருக்கிறது என்று பொருள். அதில் பெரும்பகுதி ஏசிஎல்தான். இங்கே ஒரு ஏமாற்று நடக்கிறது. இரண்டு, மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்துவிடும். நடக்கலாம், நேராக ஓடவும் செய்யலாம். "முட்டி சரியாயிருச்சு சேர், ஆடிருவேன்" என்று பையன் சொல்வான், அவன் பொய் சொல்லவில்லை. நேர் ஓட்டத்துக்கு ஏசிஎல் அவ்வளவாகத் தேவையில்லை. முதல் திருப்பத்தில் முட்டி விட்டுக்கொடுக்கும். அப்படி ஒவ்வொரு தடவை விட்டுக்கொடுக்கும்போதும் உள்ளே இருக்கும் மெனிஸ்கஸ் என்ற குஷன் நசுங்கிக் கிழியும். ஏசிஎல்லைப் புதிதாகப் போடலாம், அறுத்தெடுத்த மெனிஸ்கஸை அப்படித் திரும்பப் பெற முடியாது. ஆகவே விதி ஒன்றுதான். அன்றே வீங்கிய முட்டியை எலும்பு மருத்துவர் கையால் இழுத்துச் சோதிக்கும்வரை பந்தைத் தொடவிடாதீர்கள். எக்ஸ்ரேயில் இணைநார் தெரியாது. "எக்ஸ்ரே நல்லாத்தான் இருக்கு" என்ற வார்த்தையை நம்பி ஆடப் போனவர்கள் ஏராளம். எம்ஆர்ஐ வேண்டும்.

அரசாங்க மருத்துவமனையில் சத்திரசிகிச்சை இலவசம், ஆனால் வரிசை நீளம். காத்திருக்கும் மாதங்களை வீணாக்காதீர்கள். முட்டி முழுதாக நீளவும், முன்தொடைத் தசை வலுவாகவும் செய்துகொண்டு போகிறவருக்கு, அறுவைக்குப் பிறகு மீட்சி சுலபம். தொடைப் பின்தசையின் நாரையோ முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள நாரின் ஒரு கீற்றையோ எடுத்து உள்ளே புதிதாக நிறுத்துவார்கள். அந்த ஒட்டுநார் முதலில் வலுவிழந்து, பிறகு இரத்த ஓட்டம் பிடித்து, மெதுவாக இணைநாராக மாறும். அது மிகவும் பலவீனமாக இருப்பது ஏறத்தாழ 6 முதல் 12 வாரத்தில். வலி போய், பையனுக்குத் தைரியம் வருகிற காலமும் அதுவேதான்.

தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருக்கிறவருக்கு ஒரு கஷ்டம் உண்டு, கொழும்பு பிசியோ யோசிக்காதது. ரோட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் நூறு படி, அதுவும் மழையில் பாசி பிடித்த படி. முதல் ஆறு வாரத்துக்கு ரோட்டோரமுள்ள மாமா வீட்டிலோ சித்தப்பா வீட்டிலோ தங்க ஏற்பாடு செய்யுங்கள். கட்டாயம் ஏறி இறங்க வேண்டுமென்றால், ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுத்த கால் ஊன்றுகோலோடு முதலில். முதல் இரண்டு வாரத்தின் ஒரே குறிக்கோள் முட்டியை முழுதாக நீட்டுவது. குதிகாலுக்குக் கீழே சுருட்டிய துவாயை வைத்து, முட்டி தானாகக் கீழே தொங்க 10 நிமிடம், ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை. முட்டிக்குக் கீழே தலையணை வைத்துத் தூங்குவது சுகமாக இருக்கும். அந்தச் சுகத்தால் முட்டி மடங்கியபடியே இறுகிவிட்டவர் பிறகு நொண்டித்தான் ஓடுவார்.

மைதானத்துக்குத் திரும்ப 9 மாதம் என்பது ஆகக் குறைந்த அளவு. அதற்கு முன் இறங்குகிறவருக்கு மறுபடி கிழியும் ஆபத்து பல மடங்கு. 25 வயதுக்குக் கீழே திரும்பி ஆடுகிறவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு, அதே முட்டியிலோ மற்றதிலோ, இரண்டாவது ஏசிஎல் கிழிகிறது. மாதம் மட்டும் போதாது, சோதனையும் வேண்டும். ஒற்றைக்காலில் ஒரு தாவல், தொடர்ந்து மூன்று தாவல், குறுக்கே மூன்று தாவல். எல்லாவற்றையும் டேப்பால் அளங்கள். அறுத்த கால் மற்றக் காலின் 90 வீதத்தைத் தொட வேண்டும். முன்தொடை வலுவும் அதேபோல 90 வீதம். தாவல் மட்டும் வந்து தொடை சூம்பியிருந்தால் ஏமாறாதீர்கள், இடுப்பாலும் கணுக்காலாலும் ஈடுகட்டித் தாவியிருப்பான். பிறகும் முதல் மாதம் யாரும் இடிக்காத பயிற்சி, அடுத்து இடிப்புள்ள பயிற்சி, பிறகு 20 நிமிடம், 45, 60, அப்புறம்தான் 90. ஐரோப்பாவின் உச்ச அணிகளிலேயே ஏசிஎல்லுக்குப் பிறகு மூன்றாவது வருடத்தில் அதே மட்டத்தில் ஆடிக்கொண்டிருப்பவர்கள் மூன்றில் இரண்டு பங்குதான்.

தலையும் இதயமும் அரிது, ஆனால் அங்கே இரண்டாவது வாய்ப்பு இல்லை. இங்கிலாந்து மிட்ஃபீல்டர் ரயன் மேசன் 2017 ஜனவரியில் ஒரு தலை மோதலில் மண்டையோடு முறிந்து, 14 உலோகத் தகடுகளோடு உயிர் தப்பி, 2018 பெப்ரவரியில் 26 வயதில் ஓய்வுபெற்றார். தலையில் அடிபட்டுக் குழம்பியவர் அன்று மறுபடி ஆடக்கூடாது, "நல்லா இருக்கேன்" என்றாலும். அங்கேயே ஆடிய இன்னொரு மிட்ஃபீல்டர் ஃபப்ரிஸ் முவாம்பாவின் இதயம் 2012 மார்ச்சில் போட்டி நடுவே நின்று, 78 நிமிடம் தானாகத் துடிக்கவில்லை. பிழைத்தார், ஆனால் 24 வயதில் ஆட்டம் முடிந்தது. ஓடும்போது மயங்கி விழுந்த பையன், அல்லது குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் உள்ள பையன், ஈசிஜியும் எக்கோவும் எடுக்காமல் பயிற்சிக்கு வரக்கூடாது. மைதானத்தில் யாராவது மோதாமல் விழுந்து அசையாவிட்டால், முகத்தில் தண்ணீர் தெளித்து நேரத்தைக் கொல்லாதீர்கள். ஒருவர் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைக்க, மற்றவர் நெஞ்சின் நடுவில் 5 சென்டிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். தோட்டத்து ரோட்டில் அம்புலன்ஸ் வர நேரமெடுக்கும், ஆகவே அழுத்த நாலைந்து பேர் மாறி மாறிப் பழகியிருக்க வேண்டும்.

காயமே இல்லாமலும் தொழில் சுருங்கும். 2020இல் கொரோனா. 2021இல் 10 அணிகளோடு சுப்பர் லீக் தொடங்கியது, நாவலப்பிட்டியின் அப் கன்ட்ரி லயன்ஸும் அதில் ஆடியது. 2022இல் நாட்டுக்கே பொருளாதார நெருக்கடி. 2023 ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை இலங்கைமீது ஃபீஃபா தடை. 2020இல் 21 வயதாக இருந்த மிட்ஃபீல்டருக்கு, உடம்பு உச்சத்தில் இருந்த வருடங்கள் இப்படியே கழிந்தன. இதற்கு எந்தப் பயிற்சியும் உதவாது, காகிதம்தான் உதவும். இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் அணிகளில் ஆடினால் சம்பளம் பந்தை நம்பி இருக்காது. கழகத்தில் ஆடுகிறவர் எழுத்து ஒப்பந்தம் கேட்க வேண்டும். ஃபீஃபா விதிப்படி ஒப்பந்தம் ஆகக்கூடியது 5 வருடம், 18 வயதுக்குக் கீழே 3 வருடம். இரண்டு மாதச் சம்பளம் நிலுவையானால், எழுத்தில் 15 நாள் அவகாசம் கொடுத்து, அப்போதும் வராவிட்டால் நியாயமான காரணத்தோடு விலகலாம். வாட்ஸ்அப்பில் வந்த வாக்குறுதியையும் அழிக்காமல் வையுங்கள். மாலைதீவுக்கோ மத்திய கிழக்குக்கோ கூட்டிப் போகிறேன் என்கிற ஏஜென்டின் ஃபீஃபா லைசன்ஸைக் கேளுங்கள், கடவுச்சீட்டைக் கையில் கொடுக்காதீர்கள். 18 வயதுக்குக் கீழே சர்வதேச மாற்றம், சில விதிவிலக்குகள் தவிர, தடை.

கழகம் தருவதைக் 'கொடுப்பனவு' என்று கையில் வைத்துவிட்டால் சேமலாப நிதி ஏறாது. தோட்டத்தில் வேலை செய்த அம்மாவுக்கு இது நன்றாகத் தெரியும், பையனுக்குத் தெரியாது. ஊழியர் என்று பதிந்தால் சேமலாப நிதியான ஈபிஎஃப்புக்கு அவர் சம்பளத்தில் 8 வீதம், வேலை கொடுப்பவர் 12, அதோடு நம்பிக்கை நிதியான ஈடிஎஃப்புக்கு 3. ஏழு வருடம் ஆடி முட்டியோடு வீடு திரும்பும்போது கையில் எஞ்சுவது பெரும்பாலும் அதுதான்.

தோட்டத்துக் கழகங்களுக்கும் இதில் ஒரு வேலை உண்டு. லீக்கில் இணைந்த கழகமாகி, பையன்களை 12 வயதிலிருந்தே முறையாகப் பதியுங்கள். ஒப்பந்தக் காலத்தின் நடுவில் ஒரு வீரர் பணத்துக்கு வெளிநாட்டுக் கழகத்துக்கு விற்கப்பட்டால், தொகையின் 5 வீதம் அவரை 12 முதல் 23 வயது வரை வளர்த்த கழகங்களுக்குப் பிரியும். 12 முதல் 15 வரை ஒவ்வொரு வருடத்துக்கும் தொகையின் 0.25 வீதம், 16 முதல் 0.5 வீதம். பாடசாலை அணிக்கு இது கிடைக்காது, பதியாத தோட்டத்து டீமுக்கும் கிடைக்காது. பதிவுத் தாளின் நகல் ஒன்று செயலாளரிடமும் இன்னொன்று பையன் வீட்டிலும் இருக்கட்டும், பிறந்த திகதி அடையாள அட்டையோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.